கண்ணாடிக் கூடத்திலே கைவரிசை!

"கார் வாங்குவது பணக்காரன் சமாசாரம். பிட்டர்களும் டிரைவர்களும் படிக்கிற ஏட்டிலே அதைப் பற்றி எழுதுவானேன்?" என்று கேட்கக்கூடிய தோழர்கள் உண்டு. கேட்பதிலே தவறில்லை. கார் என்றாலே ஜமீன்தாரும் மில் முதலாளியும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் இன்று சென்னை சென்ட்ரல் வாசலிலே, மதுரை மாட்டுத்தாவணியிலே, கோவை காந்திபுரத்திலே மஞ்சள் போர்டு மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் கார்களைப் பாருங்கள். ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் இருக்கிறது. அடகுக் கடையிலே ஒரு சங்கிலி இருக்கிறது. அறுபது மாதத் தவணைப் பத்திரம் இருக்கிறது. தச்சனுக்கு உளி எப்படியோ, நெசவாளிக்குத் தறி எப்படியோ, அப்படித்தான் டாக்சிக்காரனுக்குக் கார். அது அவனுடைய உழைப்புக் கருவி, ஆடம்பரம் அல்ல.

அந்தக் கருவியை வாங்கப் போகிற இடத்திலே அவனுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

வேடிக்கை ஒன்று பாருங்கள், தோழர்களே! இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் செய்கிறவன் யார்? நம் வீட்டுப் பிள்ளை. தகடு அடிப்பவன் அவன், பற்றவைப்பவன் அவன், சாயம் பூசுபவன் அவன். அதே பிள்ளை நாலு காசு சேர்த்து ஒரு கார் வாங்க ஷோரூமுக்குப் போனால், பில்லிலே 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கிறது. கையாண்டதற்குக் கூலியாம்! நாள் முழுக்க அதைக் கையாண்டவன் இவன். கையாண்ட கூலி கேட்பவன் கண்ணாடி அறையிலே ஏ.சி. போட்டு உட்கார்ந்திருப்பவன்!

பழைய வரிசையும் புதிய வரிசையும்

1950களிலும் 60களிலும் இந்தியாவில் கார் என்றால் முக்கியமாக மூன்றே பெயர்கள். வங்காளத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசடர், பம்பாய் குர்லாவில் செய்த பியட், நம் வண்டலூர்ப் பக்கத்தில் செய்த ஸ்டாண்டர்டு. பணத்தைக் கட்டிவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டு மத்திய சர்க்கார், கார்களின் விநியோகத்துக்கும் விற்பனைக்கும் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. ஆணையும் இருந்தது, கள்ள மார்க்கெட்டும் கூடவே இருந்தது. பஜாஜ் சேதக் ஸ்கூட்டருக்குப் பத்தாண்டு வரை காத்துக் கிடந்தவர்கள் உண்டு. பெயரைப் பதிந்து வைத்த தகப்பனார் பென்ஷன் வாங்கும்போது வண்டி வந்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1991க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. "போட்டி வந்துவிட்டது, வாங்குகிறவனே இனி ராஜா" என்று பொருளாதார மேதைகள் முழங்கினார்கள். ராஜா என்றுதான் ஷோரூமிலும் அழைக்கிறார்கள். நாற்காலி போடுகிறார்கள், காபி கொடுக்கிறார்கள். முன்பணம் கைக்குப் போகிறவரைதான் அந்த ராஜ உபசாரம்! பணம் போன மறுநாள் போன் செய்தால், "மீட்டிங்கில் இருக்கிறார், பிறகு அழையுங்கள்."

வரிசை போய்விட்டது என்றும் எண்ணிவிட வேண்டாம். 2021, 2022 ஆண்டுகளில் உலகம் முழுக்க 'சிப்' தட்டுப்பாடு வந்தது. கார் தொழிற்சாலைகளில் உற்பத்தி குறைந்தது. உடனே பழைய வரிசை திரும்பி வந்தது. வரிசையோடு பழைய புத்தியும் திரும்பி வந்தது.

ஒரு மஞ்சள் போர்டின் கதை

அந்தச் சமயத்தில்தான், 2022 பிப்ரவரியில், என் தங்கை மகன் டாக்சி ஓட்ட ஒரு புதுக் காருக்கு 25,000 ரூபாய் முன்பணம் கட்டினான். பன்னிரண்டு வருஷம் அடுத்தவன் காரைக் கூலிக்கு ஓட்டியவன். சொந்தமாக ஒன்று இருந்தால் ராத்திரி பத்து மணிக்காவது வீட்டுக்குப் போகலாம் என்ற ஒரே ஆசை அவனுக்கு. ஆறு வாரத்தில் வண்டி என்றார்கள். சொல்லப்பட்ட விலை ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தில் பேனாவால் எழுதப்பட்டது. கீழே கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை.

ஏப்ரல் வந்தது. வண்டி வரவில்லை, விலை உயர்வு வந்தது. 14,000 ரூபாய் கூடிவிட்டதாம். "ஆறு வாரத்தில் கொடுத்திருந்தால் பழைய விலைதானே?" என்று மருமகன் கேட்டான். "கம்பெனி பாலிசி சார்" என்று பதில். சட்டம் எழுதுகிறவர்கள் டில்லியில் இருக்கிறார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'பாலிசி' எழுதுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள், யார் அவர்களைத் தேர்ந்தெடுத்தது என்று யாருக்கும் தெரிவதில்லை!

ஜூன் மாதம் வண்டி வந்துவிட்டது என்று போன் வந்தது. அன்றைக்குத்தான் அவன் என்னைத் துணைக்கு அழைத்தான். "மாமா, நீங்க டெப்போவில் இருந்தவர், வண்டியை ஒரு பார்வை பாருங்க" என்றான். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பது வருஷம் இருந்ததால், எந்த வண்டியைப் பார்த்தாலும் சேஸிஸ் நம்பரைச் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு. எழுதிக்கொண்டேன்.

பிறகு மேஜைக்குப் போனோம். அப்போதுதான் முதல் முறையாக முழுக் கணக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. காரின் விலை, வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் தனித்தனியே போட்டிருந்தது, சரி. அதற்குக் கீழே ஹேண்ட்லிங் 7,500. 'எசென்ஷியல் கிட்' என்று மேட், மட் பிளாப், சீட் கவர், பாடி கவர் எல்லாம் சேர்த்து 18,600. அதற்கும் கீழே 'ஆர்.டி.ஓ. செலவு' 6,500.

மத்திய மோட்டார் விதிகளின்படி டாக்சிக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். கடன் கொடுத்தவர் பெயரைப் பதிய 1,500 ரூபாய். இரண்டும் ஏற்கெனவே பில்லில் மேலே இருக்கின்றன. "அப்படியானால் இந்த 6,500 எதற்கு?" என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "சார், உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்குத் தெரியாதுதான்! லஞ்சம் என்கிறாரா? லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு வசூல் வேறா? இல்லை, சர்க்கார் ஆபீசின் பழைய கெட்ட பெயரைச் சொல்லித் தன் பையிலே போட்டுக்கொள்கிறாரா? இரண்டில் எது என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. ரசீது கேட்டேன். "இதற்கெல்லாம் ரசீது வராது சார்." தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் ரசீது கொடுக்காமலிருப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வாணிபம்.

'கிட்' வேண்டாம், சீட் கவரை வெளியிலே போட்டுக்கொள்கிறோம் என்றோம். "கிட் இல்லாமல் வண்டி பில் ஆகாது" என்றார்கள். அரிசி வாங்க வந்தவனிடம் அகப்பையும் வாங்கினால்தான் அரிசி என்று சொல்லும் மளிகைக் கடையை நீங்கள் கண்டதுண்டா? ஒரு பொருளை வாங்கினால்தான் இன்னொரு பொருள் தருவேன் என்று கட்டாயப்படுத்துவதை அதே 2019 சட்டம் கட்டுப்பாட்டு வாணிபம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒப்புக்கொண்ட காலத்தில் கொடுக்காமல் தாமதித்து, அதனால் விலை ஏறிவிட்டது என்று கூட வாங்குவதையும் அதே பிரிவிலேதான் வைத்திருக்கிறது. பாலிசி, பாலிசி என்றார்களே, அந்தப் பாலிசிக்குச் சட்டப் புத்தகத்தில் இருக்கிற பெயர் இதுதான்.

இன்ஷூரன்ஸ் கதை தனிக் கதை. ஷோரூமில் சொன்னது 41,800. வெளியே ஒரு முகவர் நண்பரிடம் போன் போட்டுக் கேட்டோம். அதே கம்பெனி, அதே மதிப்பு, 31,300. பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய் வித்தியாசம் ஒரு போன் தூரத்தில் இருந்தது! வெளியிலே போட்டுக்கொள்கிறோம் என்றால், "போடலாம் சார், ஆனால் பதிவு லேட்டாகும், விபத்து ஆனால் எங்கள் ஒர்க் ஷாப்பில் ரொக்கம் கட்டித்தான் வண்டி எடுக்கணும்" என்று இனிக்க இனிக்கப் பயமுறுத்தினார்கள். ஷோரூம்காரர்கள் இன்ஷூரன்ஸ் விற்பதற்கென்றே இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2017ல் வழிமுறை வகுத்து, அந்த ஆண்டு நவம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று வாங்குகிறவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதில் உள்ளது. வழிமுறை டில்லியிலும் ஐதராபாத்திலும் காகிதத்திலே இருக்கிறது. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவர் காதுக்கு அது வந்து சேரவில்லை.

கூட்டிப் பாருங்கள். 7,500ம் 18,600ம் 6,500ம் 10,500ம் சேர்ந்தால் 43,100 ரூபாய். டீசலும் டியூவும் போக ஒரு நாளைக்கு 700 ரூபாய் மிஞ்சினால் பெரிய காரியம் என்று ஓடுகிறவன் அவன். இரண்டு மாத உழைப்பு, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு முன்பே போய்விட்டது!

"எழுந்து வந்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். கடன் கம்பெனி அன்று காலையிலேயே பணத்தை ஷோரூம் கணக்குக்கு அனுப்பிவிட்டது. முன்பணத்தில் பிடித்தம் செய்வோம் என்கிறார்கள். வேறு ஷோரூமுக்குப் போனால் மறுபடியும் நாலு மாதம். பழைய காரின் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். எழுந்து போகிற சுதந்தரம் மாதச் சம்பளம் வருகிறவனுக்கு இருக்கலாம். இவனுக்கு வீட்டு வாசலில் வாடகைக்காரர் நிற்கிறார். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் முழு பில்லை முதல் நாள் காட்டாமல் கடைசி நாள் காட்டுகிறார்கள். அதுதான் கைவரிசை.

இத்தனையும் கட்டிய பிறகாவது வண்டி வந்ததா? ஜூன் 9ஆம் தேதி கடன் பணம் போனது. ஜூலை 10ஆம் தேதி முதல் டியூ 13,400 ரூபாய் கட்டச் சொல்லிச் செய்தி வந்தது. வண்டி கைக்கு வந்தது ஜூலை 21ஆம் தேதி. பதிவு நடக்கிறது, பதிவு நடக்கிறது என்றார்கள். ஓடாத காருக்கு டியூ கட்டினான் என் மருமகன், தங்கை காதிலே கிடந்த கம்மலை வைத்து!

வண்டியை எடுக்கப் போன அன்று குறிப்பேட்டைப் பிரித்துப் பார்த்தேன். சேஸிஸ் நம்பர் வேறு! நாங்கள் ஜூன் மாதம் பார்த்த வண்டி அது அல்ல. மேனேஜர், "நம்பர் எழுதினதில் தப்பு இருக்கும்" என்றார். டீக்கடையில் தேநீர் குடிக்கும்போது விற்பனைப் பையன்தான் மெல்லச் சொன்னான்: "அண்ணே, உங்க வண்டியை அவசரமா கேட்ட வேற பார்ட்டிக்குக் கொடுத்துட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

டை கட்டிய தொழிலாளி

இந்தப் பையனைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஷோரூமில் ஏமாந்து வந்த தோழர்கள் எல்லோரும் திட்டுவது இவனைத்தான். வெள்ளைச் சட்டை, கழுத்திலே டை, வாயிலே தேன். ஆனால் அவன் யார்? வாணியம்பாடியிலோ விருத்தாசலத்திலோ டிகிரி படித்துவிட்டுச் சென்னையில் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற ஏழை வீட்டுப் பையன். மாதத்துக்கு இத்தனை கார், இத்தனை இன்ஷூரன்ஸ், இத்தனை கிட் என்று அவன் தலையில் கணக்கு வைத்திருக்கிறார்கள். கணக்கு முடிந்தால் ஊக்கத்தொகை. முடியாவிட்டால் கூட்டத்திலே நிற்க வைத்து வசை. இருபது கார் விற்றுக் கொடுக்கிற அவன் வீட்டுக்குப் போவது ஷேர் ஆட்டோவில்!

அவனுக்கு மேலே மேனேஜர், மேனேஜருக்கு மேலே ஷோரூம் முதலாளி. முதலாளிக்கு மேலே யார் தெரியுமா? கார் கம்பெனி. அங்கே நடந்த ஒரு கூத்து வெளியே வந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் மாருதி சுசுகி கம்பெனிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. எதற்காக? கம்பெனி அனுமதித்த தள்ளுபடிக்கு மேல் ஒரு ரூபாய்கூட டீலர்கள் குறைத்து விற்கக் கூடாது என்று ஏற்பாடு செய்திருந்ததற்காக. சும்மா ஏற்பாடு அல்ல. வாங்குகிறவர்களைப் போல் வேஷம் போட்ட ஆட்களை ஷோரூமுக்கு அனுப்பி, யாராவது கூடுதலாகக் குறைக்கிறார்களா என்று வேவு பார்த்தார்கள் என்கிறது ஆணையத்தின் உத்தரவு. அகப்பட்டால் ஷோரூமுக்கு அபராதம். அதோடு நிற்காமல் விற்பனைப் பையனுக்கும் ஷோரூம் மேனேஜருக்கும்கூடத் தனித்தனியே அபராதம்! விசாரணைக்கு வித்திட்டதே ஒரு டீலர் பெயர் சொல்லாமல் அனுப்பிய கடிதம்தான். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறதல்லவா? விலையிலே குறைக்க விடாமல் மேலேயிருந்து ஒரு கை அழுத்துகிறது. லாபத்தை எங்கே தேடுவது? மேட்டிலே தேடு, மட் பிளாப்பிலே தேடு, இன்ஷூரன்ஸிலே தேடு, 'ஆர்.டி.ஓ. செலவி'லே தேடு! டீலர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் முதலாளிதான், அவர் கையும் பையும் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் பெரிய மீன் அவரைக் கடித்தால் அவர் திரும்பிச் சின்ன மீனைக் கடிக்கிறார். சின்ன மீனுக்குத் திரும்பிக் கடிக்க யாரும் இல்லை.

பெரிய மீனுக்கோ கடல் பெரிது. 2021 செப்டம்பரில் போர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2022ல் மறைமலைநகர்ப் பட்டறையின் ஓசை அடங்கியது. அதற்கு முன் 2017ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்திய விற்பனையை முடித்துக்கொண்டது. பட்டறைத் தொழிலாளிக்கு வேலை போனது, ஷோரூம் பையனுக்கும் வேலை போனது. காரை வாங்கியவன் உதிரிபாகத்துக்கு அலைந்தான். மூவரும் ஒரே தரப்பிலே நிற்கிறவர்கள் என்பதை இப்படித்தான் முதலாளிகளே நமக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

சர்வீஸ் என்னும் சுரங்கம்

வாங்கியதோடு முடிந்ததா? முதல் சர்வீஸ் இலவசம் என்று போர்டு வைத்திருப்பார்கள். வேலைக்குத்தான் இலவசம், எண்ணெய்க்கு இல்லை. எண்ணெய்க்குக் கொடுத்தால் ஏ.சி. சுத்திகரிப்பு, இஞ்சின் பாலீஷ், அடித்தகட்டுப் பூச்சு என்று கேட்காததெல்லாம் பில்லிலே ஏறும். காலையில் விட்ட வண்டியை மறுநாள் மாலை கொடுப்பார்கள். சொந்தக் கார்காரருக்கு அது அசௌகரியம். டாக்சிக்காரனுக்கு இரண்டு நாள் பட்டினி.

வெளியே நம் மெக்கானிக் ஷெட்டில் பார்த்துக்கொள்ளலாமென்றால், "வாரண்டி போய்விடும்" என்று மிரட்டல். உதிரிபாகமும் வெளியே சுலபத்தில் கிடைக்காது. இது என் கற்பனை அல்ல. 2014 ஆகஸ்டில் இதே போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாமல் பூட்டி வைத்து, வெளி ஒர்க் ஷாப்புகளைப் போட்டியிலிருந்து ஒதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் வழக்கு மன்றங்களின் படியேறின. பூட்டியதனால் இழந்தவன் காரை வாங்கியவன் மட்டுமல்ல. புதுப்பேட்டையிலும் திருச்சி, சேலம் ஓரங்களிலும் கையிலே கிரீஸோடு நிற்கிற நம் மெக்கானிக்குகளின் பிழைப்பிலும் அல்லவா கை வைத்திருக்கிறார்கள்!

டிரைவருக்குச் சட்டம் உண்டா?

"டாக்சி என்றால் வியாபாரம். வியாபாரிக்கு நுகர்வோர் கோர்ட்டு கிடையாது" என்று ஷோரூம் மேனேஜர் எங்களிடம் அடித்துப் பேசினார். நம் தோழர்களில் பலரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. தன் பிழைப்புக்காகத் தானே உழைத்துச் சம்பாதிக்க வாங்கும் பொருள் வியாபார நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது.

1995ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு ஒன்று வந்தது. கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்திடம் இயந்திரம் வாங்கிய ஒரு கம்பெனி தொடுத்த வழக்கு அது. அந்தக் கம்பெனி நுகர்வோர் அல்ல என்று வழக்கு தோற்றது. ஆனால் தீர்ப்பை எழுதும்போது நீதிபதிகள் யார் யார் நுகர்வோர் என்று உதாரணம் காட்டினார்கள்: ஆட்டோ ரிக்ஷாவை வாங்கித் தானே வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவன் நுகர்வோர், லாரியை வாங்கித் தானே ஓட்டுபவன் நுகர்வோர். ஒரு முதலாளி தோற்ற வழக்கிலே டிரைவருக்கு ஒரு கவசம் கிடைத்தது! பத்துக் கார் வாங்கி ஆள் வைத்து ஓட்டுகிறவருக்கு அந்தக் கவசம் இல்லை.

வாங்கியவன் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ஷோரூம் இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே இல்லை. ஐந்துக்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமில்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். மனுவுக்கு முன் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். சில ஷோரூம்காரர்கள் அதற்கே இறங்கி வருகிறார்கள்.

இவ்வளவு இருந்தும் சர்க்கார் செய்ய வேண்டிய ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. ரேஷன் கடையிலே விலைப் பலகை வைக்கிறார்கள். பஸ்ஸிலே கட்டண அட்டவணை ஒட்டுகிறார்கள். ஏழு லட்ச ரூபாய் பொருள் விற்கிற கூடத்தின் வாசலிலே, காரின் விலை இவ்வளவு, வரி இவ்வளவு, பதிவுக் கட்டணம் இவ்வளவு, இதற்கு மேல் எதுவும் கட்டாயமில்லை என்று தமிழில் ஒரு பலகை வைக்கச் சொன்னால் என்ன? விற்கிற உரிமைக்கு டிரேடு சர்டிபிகேட் கொடுப்பது போக்குவரத்துத் துறைதானே! பதிவு செய்யாத வண்டியை வாங்கியவனிடம் ஒப்படைக்கக் கூடாது என்று டீலரின் கையைக் கட்ட விதி இருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு நாற்பது நாள் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறவனைக் கேட்கவும் ஒரு வழி பண்ண வேண்டாமா? நம் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையிலே கேட்க வேண்டும். கேட்கும்படி கிளைத் தோழர்கள் அவர்களைக் கேட்க வேண்டும்.

மருமகன் பெயரில் நாங்கள் அனுப்பிய நோட்டீசுக்குப் பதில் வந்தது. ஹேண்ட்லிங் 7,500ம் 'ஆர்.டி.ஓ. செலவு' 6,500ம் ஆக 14,000 ரூபாய்க்குச் செக். கூடவே ஒரு கடிதம்: 'நல்லெண்ண அடிப்படையில்' திருப்பித் தருகிறார்களாம்! எங்கள் பணத்தை எங்களுக்கே நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்களை நாங்கள் என்னவென்று பாராட்டுவது! கிட் பணம், இன்ஷூரன்ஸ் வித்தியாசம், விலை உயர்வு, வண்டி இல்லாமல் கட்டிய டியூ இவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவற்றுக்காக 2023 மார்ச்சில் மனுப் போட்டோம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஷோரூம் வக்கீலுக்கு ஒரு முறை காய்ச்சல், ஒரு முறை வீட்டு விசேஷம், ஒரு முறை பதில் மனு தயாராகவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மருமகன் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறான்; அன்றைய கூலி அன்றோடு போகிறது. ஷோரூமுக்கு வாய்தா என்றால் ஒரு கோப்பு, இவனுக்கு வாய்தா என்றால் ஒரு நாள் அடுப்பு.

முதல் வாய்தாவுக்கு நானும் அவனும் மட்டும் போனோம். அடுத்த வாய்தாவுக்கு அவன் ஸ்டாண்டிலிருந்து பதினோரு டிரைவர்கள் வருகிறார்கள். அவர்களில் நாலு பேர் அதே ஷோரூமில் வாங்கிய பில்லைச் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். நாலு பில்லிலும் ஹேண்ட்லிங் அதே 7,500 ரூபாய்தான்.